அம்மாவின் காது மிஷினும் என் வயிற்றெரிச்சலும்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது, உங்கள் சுகதுக்கமெல்லாம் இப்போது நேராக அம்மாவின் காதுக்குப் போய்விடுகிறது, எனக்கு வந்து சேர்வது மிச்சம் மீதிதான். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் எனக்கு முறை வந்தால் நான் ஏன் பேனாவைத் தேடப்போகிறேன்.

போன வாரம் நீ பேசினாயே, அப்போது அதே சோபாவில் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். காது மிஷினைப் போனோடு இணைத்துக் கொடுத்துவிட்டார்கள், உன் குரல் அவள் காதுக்குள்ளேயே போகிறது, வெளியே ஒரு சொட்டு சிந்துவதில்லை. அவள் சிரிக்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், அப்படியா என்கிறாள், நான் சத்தம் போன டிவியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்ததும் என்ன சொன்னாள் என்று கேட்டேன். நல்லா இருக்காளாம் என்றாள். அவ்வளவு நேரப் பேச்சுக்கு எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். முன்னெல்லாம் உன் போன் எனக்குத்தானே வரும், நான்தானே அவளுக்கு எடுத்துச் சொல்வேன், அதை நினைவுபடுத்தினேன். அப்ப நீங்களும் இவ்வளவுதானே எனக்குச் சொன்னீங்க என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மில்லில் தறிச் சத்தத்தில் காதைத் தொலைத்தவள் அவள். அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், அந்தப் பழக்கம் நம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது, சத்தமே இல்லாமல் வாயசைத்துச் சண்டைகூடப் போடுவோம், நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டே எங்களைப் பார்த்துத் தலையிலடித்துக்கொள்வாய். நான் வாயைத் திறந்தால் போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். இந்த வயதில் வேறு எந்தப் புருஷனுக்குப் பாப்பா அந்த மரியாதை கிடைக்கும். இப்போது முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்கிறாள். இத்தனை காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிம்மதியாக முணுமுணுத்து வந்தேன், அதற்கும் வேட்டு. நேற்று உப்பு குறைவு என்று லேசாக முனகினேன், அடுத்த அறையிலிருந்து பதில் வந்தது.

மிஷினைச் சோதித்துப் பார்த்த கதையை அவள் பக்கமாக உன்னிடம் சொல்லியிருப்பாள், என் பக்கத்தையும் கேள். கண்ணாடி அடைத்த சின்ன அறைக்குள் அம்மாவை உட்காரவைத்தார்கள். வெளியே மைக்குக்கு முன்னால் காது பார்க்கிற பெண், அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் நான். அந்தப் பெண் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு கதவு, சட்டை, மாடி என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அம்மா திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம், இவ்வளவு நன்றாகக் கேட்கிறதே என்று சத்தத்தைக் குறைவாகவே வைத்து அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் மிஷின் வெறும் தோடுதான், ஒன்றும் கேட்கவில்லை. தண்டம் என்று அம்மா சலித்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

மறுபடி போனபோதுதான் குட்டு உடைந்தது. அந்தப் பெண் கண்ணாடியில் என் பிம்பத்தைப் பார்த்துவிட்டாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் பின்னாலிருந்து நான் வாயசைத்திருக்கிறேன், அம்மா என்னைப் பார்த்தே அத்தனையையும் சொல்லியிருக்கிறாள். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை பாப்பா, யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு வாயசைத்துக் காட்டுவது என் உதட்டுக்கு ஊறிப்போன வேலை. அம்மாவுக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. நாங்க எப்பவும் இப்படித்தானம்மா கேப்போம் என்று அவளிடமே சொன்னாள். சார், கொஞ்சம் சுவத்தப் பாத்து உக்காருங்க என்று என் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள் அந்தப் பெண். சேட்டை செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தேன். முதலில் அம்மா பாதியைத் தப்பாகச் சொன்னாள், என் உதடு துடித்தது. அந்தப் பெண் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். பிறகு மழை, கூடை, விளக்கு என்று ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் ஒவ்வொன்றாகச் சரியாக வந்தது, நான் இல்லாமலே. சந்தோஷப்பட வேண்டிய நேரம், எனக்கோ வயிறு எரிந்தது. பட்டாணி அளவு மிஷினைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் உன் அப்பன்.

பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் தந்திருந்தார்கள். முந்தாநாள் அந்தக் கெடு முடிந்தது, மறுபடி போனோம். அந்தப் பெண் அம்மாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டாள், வீட்டில் வித்தியாசம் தெரிகிறதா என்று. பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா யாரோ பிடுங்க வருவதுபோல இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாகிறது. இருக்கட்டும், வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை டீயை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள், காதில் மிஷின் இல்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டதா என்று வாயசைத்தேன். "அத மாட்டிக்கிட்டா உங்க மூஞ்சியப் பாக்க மறந்துபோறேன், டீ குடிக்கிற வரைக்கும் வேணாம்" என்றாள். அப்புறம் நீ போனில் சொன்னதையெல்லாம், உன் புது வேலையை, மாப்பிள்ளையோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆனதை, ஒன்று விடாமல் சத்தமில்லாமல் வாயசைத்தே எனக்குச் சொன்னாள். நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், டீ ஆறிப்போனது.

நீ காதில் மாட்டிக்கொண்டு பாட்டைச் சத்தமாக வைக்காதே. வேளைக்குச் சாப்பிடு, கோபம் வந்தால் கதவைப் படாரென்று சாத்தாதே, மாப்பிள்ளை நல்ல பையன். இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு நெடுநாள் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மாவோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, காலையில் எங்கள் டீ நேரத்தில் மட்டும் போன் செய்யாதே. அது என் முறை.

இப்படிக்கு,
அம்மாவின் பழைய காது மிஷின்,
உன் அப்பா