இரண்டு கைநாட்டுக் கணக்கு

தம்பிக்கு,

பாலம் இடிந்து நம் லாரி ஆற்றோடு போன வருஷம், அண்ணன், அக்கா, நான், நீ நாலு பேரும் சேர்ந்து ஒரு கணக்குத் தொடங்கினோம். யாராவது இருவர் கைநாட்டு வைத்தால்தான் பணம் வரும்.

இன்று வங்கியில், இதை எனக்காக எழுதுகிற பெண், "தனிக் கணக்கு போட்டுக்கோங்க தாத்தா. பால்காரருக்குக்கூட போன்லயே நொடியில அனுப்பலாம்" என்றாள்.

"ரெண்டாவது ஆள் வேண்டாமா?"

"நீங்க மட்டும் போதும்."

தினச் செலவுக்கு வசதிதானே, போட்டுவிட்டேன்.

பழையதை மூடத்தான் இன்னொரு கைநாட்டு வேண்டுமாம். அதில் உன் பஸ் கட்டணத்துக்குக்கூடப் பணமில்லை. என் போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். ஒருமுறை வந்துவிட்டுப் போ. அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. என்னோடு கைநாட்டு வைக்க நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்.

உன் சின்னண்ணன்