மாவுத் தராசில் ஒரு விறகுக்கட்டை

மார்ச் 9, ஞாயிறு
மின்கம்பிப் பாதையில் வெட்டிப் போட்ட பிர்ச் மரங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டுக்காரர் சொல்லிவிட்டார். பனி இளகுவதற்குள் இழுத்துவிட வேண்டும். இன்று சறுக்குவண்டியில் ஏழு நடை. இடுப்பு என்னுடையதுதானா என்று சந்தேகம்.

"போதும் ஹால்வார், சூப் ஆறுது" என்று கூப்பிட ஆளில்லை. சிக்ரூன் போய் இருபத்து நான்கு நாள்.

மார்ச் 10
எழுதித்தான் ஆக வேண்டும். என் மனைவி போனது என்னால்.

போன வருடமும் ஓசி விறகுதான். உருட்டுக்கட்டைகளைப் பிளக்கவில்லை. அப்படியே அடுக்கி, மழை படக்கூடாதென்று தார்ப்பாயால் தலை முதல் கால்வரை சுற்றிக் கட்டினேன். பிர்ச்சின் பட்டை உள்ளே இருக்கும் ஈரத்தை விடவே விடாது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவனுக்கு அது எங்கே தெரியும்? குளிர்காலத்தில் பிரித்தால் பூஞ்சை. அதையும் எரித்தேன்! அடுப்பு சீறியது, வீடெங்கும் புகை, சிக்ரூனுக்கு ஓயாத இருமல். மின்சார ஹீட்டரைப் போடலாம் என்றாள். வாசலில் விறகு இருக்கும்போது எதற்கு என்றேன்.

"ஓசின்னா பினாயிலைக்கூடக் குடிப்ப நீ," என்றாள். மறுநாள் கிறிஸ்டியான்சாண்டில் இருக்கும் தங்கை ஈடுன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது, "புகையில்லாம வீடு சூடானா சொல்லு. பாக்கலாம்."

பாக்கலாம். இந்த ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு
பிளந்து முடித்தேன். ஈஸ்டருக்கு முன்னால்! பக்கத்து வீட்டு எம்ப்ரிக் வேலியில் சாய்ந்துகொண்டு ஒரே உபதேசம். "யோவ், மேல மட்டும் மூடு. பக்கமெல்லாம் காத்து போகட்டும். போன தடவை மாதிரி பொணத்தச் சுத்தற மாதிரி சுத்தாத." காய்ந்ததா என்று எப்படித் தெரியும் என்றேன். "ஒரு கட்டையை எடுத்து அப்பப்ப நிறுத்துப் பாரு. எடை குறையறது நின்னுட்டா காஞ்சுருச்சு."

நிறுக்க வீட்டில் இருப்பது சிக்ரூனின் மாவுத் தராசு மட்டும். ஒரு கட்டையை வைத்தேன். 2150 கிராம். அதன் வெட்டுமுகத்திலேயே தேதியோடு பென்சிலால் எழுதினேன்.

மே 17
தேசிய நாள். ஊரே கொடி பிடித்து நடந்தது. அவளுடைய விழா உடை அலமாரியில் தொங்குகிறது. எடுத்துக்கொண்டு போகவில்லை. நல்ல அறிகுறியா? மறந்துவிட்டாளா?

மே 18
1790.

ஜூன் 22, ஞாயிறு
சிக்ரூன் போனில் கூப்பிட்டாள்.

"என் மாவுத் தராசை அனுப்பி வை. ஈடுனோடது தப்புத் தப்பா காட்டுது. ரொட்டி கல்லா வருது."

அந்தத் தராசு இல்லாமல் அவள் ரொட்டி சுட்டதே இல்லை. அது அங்கே போனால் அவளும் அங்கேதான்.

"அது உடைஞ்சு போச்சு."

"எப்படி?"

"விழுந்துச்சு."

"உன்கிட்ட விட்டுட்டு வந்தேன் பாரு," என்று வைத்துவிட்டாள். இருமலே இல்லை அவளுக்கு. அங்கே நன்றாக இருக்கிறாள். நான் போய்க் கட்டையை அதே தராசில் வைத்தேன். 1560. வெட்கங்கெட்டவன்.

ஜூலை 20
1460. எம்ப்ரிக் பார்த்துவிட்டான். "பொண்டாட்டிகிட்ட கேக்க வேண்டியதை விறகுகிட்ட கேக்கறியே!" சிரிக்கவில்லை நான்.

ஆகஸ்ட் 17
1420.

ஆகஸ்ட் 24
1420.

ஆகஸ்ட் 31
1420. காய்ந்துவிட்டது. இனிமேல் சொல்லிவிடலாம். போனை எடுத்தேன், வைத்தேன். காய்கிறவரை ஒரு சாக்கு இருந்தது. "பாக்கலாம்"னு சொன்னவ, "பாத்தாச்சு, வரல"ன்னு சொல்லிட்டா? அப்புறம் எதை நிறுப்பேன்?

செப்டம்பர் 7, ஞாயிறு
முதல் உறைபனி. அடுப்பு மூட்டினேன். ஒரே தீக்குச்சி. சீறல் இல்லை, அடுப்புக் கதவின் கண்ணாடி கறுக்கவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்குச் சூடு. எதிரே அவள் நாற்காலி காலியாகக் கிடந்தது. அழுதேன், எழுதினால் என்ன.

பிறகு ஒரு அட்டைப்பெட்டி எடுத்தேன். அடியில் தராசு, மேலே அந்தக் கட்டை. ஒரு சீட்டு: "தராசு உடையல. பொய் சொன்னேன். இதுக்காகத்தான் வச்சிருந்தேன்."

செப்டம்பர் 8
தபாலில் போட்டாயிற்று. மாவுத் தராசும் இல்லாத வீடு.

செப்டம்பர் 15
"விறகுக்கட்டையைப் பார்சல் அனுப்பற ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான்," என்றாள் சிக்ரூன் போனில்.

"கோவமா?"

"கட்டையில ஜூன் இருபத்திரண்டுன்னு எழுதிருக்கே, நான் போன் பண்ண அன்னைக்குத்தானே? பொய் சொல்லிட்டு நேரா போய் நிறுத்திருக்க."

"ஆமா."

அவள் கட்டையைத் திருப்பி வைக்கும் சத்தம் கேட்டது.

"நானும் நிறுத்துப் பாத்தேன்," என்றாள். "1410. இங்க வந்து இன்னும் பத்து கிராம் குறைஞ்சிருக்கு."

செப்டம்பர் 28, ஞாயிறு
குளிர். அடுப்பு நன்றாக எரிகிறது. விறகு எடுக்கப் போனபோது சமையலறை மேசையில் அந்தக் கட்டை கிடந்தது. கையில் எடுத்தேன்.

"அதை எரிக்காத," என்றாள் சிக்ரூன், தராசிலிருந்து தலை நிமிராமல். கட்டையின் மேலெல்லாம் மாவு.