துண்டுப்பிரசுரத்தில் போட்ட படம்

பொயிண்ட் குக்,
வெள்ளிக்கிழமை

இஞ்சாருங்கோ,

சிட்னியிலிருந்து இங்கே மகளிடம் வரும் பிளேனில்தான் உங்கள் தேர்தல் துண்டுப்பிரசுரத்தை வாசித்தேன். தமிழ்ச் சங்கத் தலைவருக்கு வேண்டியது பொறுமை, மன்னிக்கும் மனம், எல்லோரையும் அரவணைக்கும் குணம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் குடும்பப் படத்தை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? மிருணாளினியின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறீர்கள். அவள் தான் விரும்பியவனைக் கட்டி இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடத்தில் அவள் டெலிபோன் கோல் எடுத்தால், "அம்மாட்டைக் குடுக்கிறன்" என்பதைத் தவிர உங்கள் மகளோடு ஒரு வார்த்தை பேசியிருக்கிறீர்களா?

செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

"அப்பாட்டைச் சொன்னீங்களோ?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள். அப்பா சங்கக் கூட்டத்தில் இருக்கிறார், பிறகு சொல்கிறேன் என்றேன். உங்களுக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

என் தபால் வாக்கை இங்கிருந்து அனுப்பிவிட்டேன். உங்களுக்கு இல்லை. உங்களை எதிர்த்து நிற்கும் விக்னராஜா அண்ணருக்குப் போட்டேன். அந்தச் சங்கத்தில் "மகள் எப்பிடி இருக்கிறா, தங்கச்சி?" என்று என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

இப்படிக்கு,
படத்தில் உங்களுக்கு மற்றப் பக்கம் நிற்பவள்