ஓணத்துணி வண்டி வரும்போது

சுதீரேட்டா,

பதினொரு மணிக்குத் துணிக்கடை வண்டி வரும். ஓணத்துக்கு நம் தெருவுக்கே புதுத்துணி எடுத்துவிட்டேன், நாற்பத்து மூன்று உருப்படி. போன ஓணத்துக் கடனே தீரவில்லை. பணம் கொடுக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். நானே கடைக்குப் பேசினால் இன்னும் எடுப்பேன். பேங்க் கார்டு அரிசி டப்பாவில் இருக்கிறது, எடுத்து உங்கள் அக்காவிடம் கொடுங்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் பண்ணுவேன். "எனக்கு ஒண்ணுமில்ல ஏட்டா, வாங்கி வெச்சிடுங்க" என்று சிரித்துச் சிரித்துச் சொல்வேன். அந்தக் குரலை நம்பாதீர்கள். இந்தக் கையெழுத்தை நம்புங்கள்.

நேற்று நான் சிரித்ததற்கே, "ஷீஜா, மாத்திரை போட்டியா?" என்றீர்களே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. பைபோலார் வந்தவள் சிரிக்கவே கூடாதா? மாத்திரை போட்டுவிட்டேன். நாலு மணிக்கு டாக்டரிடம் நீங்களும் வாருங்கள்.

புட்டும் கடலைக்கறியும் மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு: உங்கள் அம்மாவுக்கு எடுத்த பச்சைக்கரை முண்டு மட்டும் இருக்கட்டும். ஒன்றே ஒன்றுதானே.

எதிர்வீட்டு ரேணுகாவுக்கு எடுத்ததும் இருக்கட்டும். பாவம், அவளுக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

கேட் வரை போய்த் திரும்பி வந்தேன். மேலே பி.கு.வில் பேசுவதுதான் அந்தப் போன் குரல். எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள்.