நாற்பத்திரண்டு வயசில் நாள் தள்ளினது

1974 புரட்டாசி 3, வியாழன்

காலையிலிருந்து நூல் மழை. ஏலக்காய் எடுக்கப் பாதி ஆள்தான் வந்தது. போடியிலிருந்து மகள் சரோஜா கடிதம். பேரன் பாஸ்கர் ரெண்டாம் வகுப்பில் முதல் ரேங்கு. பேத்தி தேவாரப் பாட்டு ரெண்டு தப்பில்லாமல் பாடி டம்ளர் பரிசு. இங்கே பெரியவன் ராஜு, ஜீப் லைசென்ஸ் முதல் தடவையே பாஸ். சின்னவன் செல்வம் மதுரைக் காலேஜில் கபடி கேப்டன். அஞ்சாம் வகுப்போடு நின்ற என் வயிற்றில் பிறந்ததுகள். கண் படக்கூடாது.

கடைசியாக வீட்டுக்குத் தூரமாகி இன்றோடு 52 நாள். வயசு 42. நின்று போகிற காலம் போல. அம்மாவுக்கும் இந்த வயசில்தான் நின்றது.

புரட்டாசி 5, சனி

வெயில். காய் உலர்த்த ஸ்டோரில் அடுப்பு மூட்டினார்கள். கல்யாணமாகி வந்த நாளாக அந்த வாசனையில்தான் இருக்கிறேன். இன்று உள்ளே கால் வைத்ததும் அதே வாசனை ஆகவில்லை. காய்த் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வாந்தி.

இவுக வந்து, "மருந்தடிச்ச பக்கம் போனியா?"

"போகலை."

"அப்ப பித்தம். சுக்குத் தண்ணி குடி."

குடித்தேன். அதுவும் வெளியே.

மார் கனம். உட்கார்ந்தால் தூக்கம். கொடுக்காப்புளி தின்ன ஆசை. சரோஜாவைச் சுமந்தப்போ இப்படி. ராஜுவுக்கு வாந்தியே இல்லை. செல்வத்துக்கு? ஞாபகமில்லை. பித்தத்துக்கும் மார் கனக்குமா? யாரைக் கேட்க.

கேட்கக்கூடிய பொம்பளை வீட்டில் ஒருத்திதான், ராஜு பெண்டாட்டி சந்திரா. அஞ்சு வருசமாகிறது, அவளுக்கு இன்னும் ஒன்றுமில்லை. போன தையில் அவள் காதுபட, "நம்ம தோட்டத்துல நட்டதெல்லாம் காய்க்குது" என்று சொன்ன வாய் என் வாய்.

புரட்டாசி 6, ஞாயிறு

ஒரு காரியம் செய்தேன். தூரமான பொம்பளை ஸ்டோருக்குள் போனால் காய் நிறம் மங்கும் என்று மூணு நாள் பின் அறையில் இருப்பது எங்கள் வழக்கம். போன மாசம் நான் உட்காரவில்லை. சந்திரா கணக்கு வைத்திருப்பாள். அதனால் இன்று ஒன்றுமில்லாமலே போய் உட்கார்ந்துவிட்டேன். தனித் தட்டு, தனிப் பாய். சாமிக்குப் பொய், காய்க்கும் பொய். புகை வாசனை இல்லை, அந்த மட்டும் நிம்மதி.

புரட்டாசி 8, செவ்வாய்

தலைக்குக் குளித்து வெளியே வந்தேன். சந்திரா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "மூணு நாளா கொடியில உங்க துணி ஒண்ணுகூடக் காயலையே, அத்தை?"

"மழைல…"

"மழை நேத்து மட்டுந்தான்."

ஈரத் தலையைத் துண்டால் துவட்டினேன்.

"எத்தனை நாளாச்சு?"

"அம்பத்தேழு."

"எனக்கு ஒரு தடவ நாப்பத்தொண்ணு வரைக்கும் போச்சு. அப்புறம் வந்திருச்சு."

முறத்தோடு உள்ளே போய்விட்டாள். மத்தியானம் கேட்காமலே ரசம் ஊற்றினாள். முகம் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. பாதியில் சிரிப்பும் வந்தது. என்ன புத்தி இது.

புரட்டாசி 10, வியாழன்

சந்திராதான் கிளப்பினாள். குமுளியில் பஸ் மாறிக் கம்பம். மலை இறக்கத்தில் மூணு வாந்தி, நெற்றியைப் பிடித்தது அவள். லேடி டாக்டர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, "எத்தனை மாசம்மா?"

"எனக்கில்லீங்க. எங்க மாமியாருக்கு."

நர்சுப் பிள்ளை வாயைப் பொத்தியது. சந்திரா விடவில்லை. "சிரிக்கிறதுன்னா வெளிய போய்ச் சிரிம்மா."

டாக்டர் கை வைத்துப் பார்த்துச் சொன்னது: பிள்ளைதான். ரெண்டு மாசம். வயசு ஜாஸ்தி, ரத்தம் கம்மி. வேண்டாமென்றால் இப்போ சட்டம் இருக்கு, ஒரு வாரத்தில் சொல்லணும்.

திரும்புகிற பஸ்ஸில் நான், "பேரன் எடுத்தவளுக்கு இது அசிங்கம்டி. கலைச்சிருவோம். ஒன் மனசு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு வேண்டாம்னா கலைங்க. எனக்காகக் கலைச்சேன்னு மட்டும் சொல்லிராதீக. ஊர்ல எனக்கு இருக்கிற பேரு பத்தாதா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புரட்டாசி 12, சனி

இவுககிட்டே சொன்னேன். கை விரலை மடக்கி எண்ணினார். பிறகு, "காய் எடுப்பு முடியறப்ப ஏழு மாசம் ஆயிருமே." சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? கேட்டேன்.

"ஒன் ஒடம்பு. நீ சொல்லு."

இருபத்தேழு வருசத்தில் நீ சொல்லு என்றது இதுதான் முதல்.

புரட்டாசி 14, திங்கள்

குளிக்கும்போது வயிற்றைத் தடவினேன். இப்போ கைக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தேதான் தடவினேன். பயம். ஆசையும்.

கலைக்கப் போகவில்லை என்று சந்திராவிடம் சொன்னேன். "சரி. இனிமே ஸ்டோரை நான் பாத்துக்கிறேன்" என்றாள். சாயந்தரம் அவள் அறையில் அழுகைச் சத்தம். போகலாமா கூடாதா தெரியாமல் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

பிறகு சரோஜாவுக்குக் கடிதம். மூணு தாள் கிழித்தேன். உனக்குத் தம்பியோ தங்கையோ என்று எழுதக் கை கூசுகிறது. மாப்பிள்ளையும் படிப்பாரே. கடைசியில் எழுதியே விட்டேன். அடியில்: "கோவமா இருந்தா பதில் எழுத வேண்டாம். பிள்ளைகளோட நீயும் நின்னு புதுசா ஒரு போட்டோ எடுத்து, அதை மட்டும் தபால்ல போடு."