ஹிஃப்ஸாவின் உயரம்

அன்பு ருமைஸாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உம்மாவும் பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உம்மாவின் முட்டுவலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நான் கார் ஓட்டுகிற ஹாலந்துக்கார அம்மா பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைபவர் என்று சொன்னேனே, இப்போது ஒரு டிரைவரும் அவர் மகளும் வருகிற கதைக்கு வரைகிறார். எதையும் கண்ணால் பார்த்து அளவு பிடித்த பிறகுதான் பென்சிலைத் தொடுவார். நேற்று ஷார்ஜாவில் என்னைக் காரோரம் நிறுத்தி வரைந்துவிட்டு, "உன் மகள் பக்கத்தில் நின்றால் உனக்கு எதுவரை வருவாள்?" என்று கேட்டார்.

இடுப்பில் கை வைத்தேன். கொஞ்சம் ஏற்றினேன். மறுபடி இறக்கினேன். போனில் தினமும் பார்ப்பது முகத்தைத்தானே? அவர் படத்தில் என் பக்கத்து இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டார்.

சிரிப்பாக இருக்குமே என்றுதான் எழுதுகிறேன், கவலைப்படாதே. ஆனால் நேற்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. "மக்தூம் காக்கா, எவ்வளவு நேரந்தான் ரூமுக்குள்ளேயே நடப்பீங்க? உட்காருங்க!" என்று கூட இருக்கிற ரிபாய் சத்தம் போடுகிறான்.

லீவில் ஊருக்கு வரும் அவனிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவன் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. கூடவே, ஹிஃப்ஸாவைச் சுவரோரம் நிறுத்தி, உச்சியிலிருந்து பாதம்வரை நூல் பிடித்து வெட்டி அனுப்பு. செருப்பு வேண்டாம், கொண்டையையும் சேர்க்காதே.

டாக்ஸி வந்துவிட்டது, யல்லா யல்லா என்று ரிபாய் அவசரப்படுத்துகிறான். நூலில் முடிச்சுப் போட்டுவிடாதே, அளவு குறைந்துவிடும்.

மக்தூம்