கடை யார் பேரில்

கில்ரஷ்,
4 செப்டம்பர் 1972

அன்புள்ள மலாக்கி,

நீ நலமா? நான் நலம். மழையும் வழக்கம்போல நலமாகத்தான் இருக்கிறது.

வரி அலுவலகத்திலிருந்து உன் பெயருக்கு ஓர் உறை வந்தது. பிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நவம்பர் முதல் தேதியிலிருந்து பழைய வரிகள் போய், மதிப்புக் கூட்டு வரி என்று புதிதாக ஒன்று வருகிறதாம். நம்மைப் போன்ற சின்னக் கண்ணாடிக் கடைக்காரர்களும் பதிந்துகொண்டு ஓர் எண் வாங்கவேண்டும். ஊருக்கு வெளியே புதுப் பள்ளிக்கூடம் எழும்புகிறது. அதன் ஜன்னல் வேலை முழுவதையும் நமக்கே தருவதாக ஃபாதர் லீஹி சொல்லியிருக்கிறார். ரசீதில் அந்த எண் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கடை உன் பெயரில் இருப்பதால் நீதான் கையெழுத்துப் போடவேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்ததும் போட்டு அனுப்பு.

போன வாரக் காற்றில் மிசஸ் கனேன் வீட்டு மாடி ஜன்னல் கண்ணாடி போய்விட்டது. நானே ஏணி போட்டு ஏறி மாட்டினேன். மேலே இருந்து பார்த்தால் ஆறு கடலில் சேரும் இடம் வரைக்கும் தெரிகிறது. இறங்கவே மனம் வரவில்லை.

ஆறு மாதத்தில் வருகிறேன் என்று நீ கடல் தாண்டி வேலைக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. கட்டிலில் உன் பக்கத்தை நாய் எடுத்துக்கொண்டது. அதை எழுப்ப எனக்கும் மனசில்லை.

அன்புடன்,
டெலியா


கவென்ட்ரி,
12 செப்டம்பர் 1972

என் அன்பு டெலியா,

கடிதம் கிடைத்தது. வாசலில் நின்றே படித்தேன். வீட்டுக்கார அம்மா மிசஸ் பிராட் எட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள வந்து படிய்யா, அவ அங்கேயிருந்து அடிக்கவா போறா?” என்றாள்.

இந்தப் படிவத்துக்கெல்லாம் நான் எதற்கு? என் கையெழுத்தை என்னைவிட நீ அழகாகப் போடுவாய். போட்டுக் கொடுத்துவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்? கடையை மட்டும் வேறு பெயருக்கு மாற்றிவிடாதே. வசந்த காலத்தில் நிச்சயம் வந்துவிடுவேன். இங்கே பெரிய பெரிய கட்டடங்களுக்குக் கண்ணாடி போடுகிறோம், பாதியில் விட்டுவிட்டு வர முடியவில்லை.

நீ ஏணி ஏறியபோது கீழே யாராவது பிடித்துக்கொண்டார்களா? மாடி வேலைகளை இனி எடுக்காதே. வேறு யாரிடமாவது தள்ளிவிடு.

நாயிடம் சொல், அது படுத்திருப்பது வாடகை இடம் என்று.

உன்,
மலாக்கி


கில்ரஷ்,
20 செப்டம்பர் 1972

அன்புள்ள மலாக்கி,

நீ சொன்னபடி உன் கையெழுத்தைப் போட உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. மறுநாள் பஸ் ஏறி என்னிஸில் உள்ள வரி அலுவலகத்துக்கே போய்விட்டேன்.

அங்கே இருந்தவர் சின்ன வயது, மரியாதையான ஆள். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“உரிமையாளர் எங்க இருக்கார்?”

“கவென்ட்ரியில.”

“எப்ப வருவார்?”

“வசந்த காலத்துல.”

“எந்த வருஷத்து வசந்தம், அம்மா?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. எழுதிக்கொள்ளத்தான் பேனாவோடு காத்திருந்தார். நான் கைப்பையைத் திறந்து படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவரே வேறு விதமாகக் கேட்டார்.

“கண்ணாடி வெட்டுறது யாரு?”

“நான்தான்.”

“கொண்டுபோய் மாட்டுறது?”

“அதுவும் நான்தான்.”

“அப்போ கடை உங்களோடதுதானே? உங்க பேர்லயே புதுசா பதிஞ்சுக்கலாமே. அவர் பேர்ல இருக்கிறதை மூடிடலாம்.”

உன் பெயரை மூடுவதா? யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மலாக்கி, ஒன்று நீ வந்து கையெழுத்துப் போடு. இல்லையென்றால் உன் பெயரை எடுத்துவிடு என்று நீயே சொல். நீ சொல்லாமல் நான் எடுக்கமாட்டேன். இன்னொன்றும் கேட்கிறேன். அங்கே உனக்கு யாராவது இருக்கிறாளா? ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை, அதுதான் வித்தியாசம். இருந்தால் சொல்லிவிடு. நான் எதையும் போட்டு உடைக்கமாட்டேன். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு உடைத்தால் நஷ்டம் எனக்குத்தான்.

டெலியா


கவென்ட்ரி,
3 அக்டோபர் 1972

டெலியா,

நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

யாரும் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

பால் பண்ணைக் கூரையில் கண்ணாடி மாற்றப் போனேனே, நான் கிளம்பியதற்கு முந்தின குளிர்காலம். அன்றைக்கு என் கால் வழுக்கிவிட்டது. கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கீழே பால் வண்டிகள் நின்றன, ஆட்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடக் குரல் வரவில்லை. எப்படியோ ஏறி, வேலையை முடித்து, வீட்டுக்கு வந்து உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ எதையும் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாது என்றுதான் அன்றைக்கு அவ்வளவு பேசினேன்.

அதன்பிறகு என்னால் ஏணி ஏற முடியவில்லை டெலியா. ரெண்டு படி ஏறினால் ஏணியைக் கட்டிப்பிடித்து நின்றுவிடுகிறேன், வியர்வையில் சட்டை நனைந்துவிடுகிறது. மாடி வேலை வந்தபோதெல்லாம் மழை என்றேன், முதுகு வலி என்றேன். எத்தனை நாள் சொல்வது? ஏணி ஏற முடியாத கண்ணாடிக்காரனை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? வேறு ஊரில் சரியாகிவிடும் என்று வந்தேன். ஆகவில்லை. பெரிய கட்டடம் என்று எழுதியதெல்லாம் பொய். ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஆட்களுக்குக் கையுறையும் பூட்ஸும் எடுத்துக் கொடுக்கிறேன். எல்லாம் தரையில்தான்.

உன் பெயரில் பதிந்துகொள். அந்த அதிகாரி சொன்னது சரி. அது உன் கடை.

மலாக்கி


கில்ரஷ்,
11 அக்டோபர் 1972

மலாக்கி,

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். இதற்கா ஐந்து வருடம்? உனக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று நினைத்து, அவளுக்கு ஒரு முகம் வைத்து, தலைமுடி வைத்து, அவளோடு நான் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா? கடைசியில் பார்த்தால் அது ஏணி.

பிறகு நீ அந்த விளிம்பில் தொங்கியதை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் உனக்குக் கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

நேற்று என்னிஸ் போய்ப் பதிந்துவிட்டேன். டெலியா டெவேன், கண்ணாடி வியாபாரம். அந்தச் சின்ன வயது அதிகாரி எழுந்து கைகொடுத்தார். ஃபாதர் லீஹியிடம் சொன்னேன், பள்ளிக்கூட வேலை உறுதியாகிவிட்டது. இந்தப் பெயரை இனி நான் திரும்ப மாற்றப்போவதில்லை, இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் அவ்வளவு ஜன்னலுக்கு நான் ஒருத்தி போதாது. ஏற எனக்கு ஆசைதான். மேஜையில் குனிந்து வெட்டுவதுதான் முதுகை ஒடிக்கிறது, வளைவு வந்தால் பாதி வீணாகிறது. அதோடு வாடிக்கையாளர்களிடம் பேசவும் எனக்குத் தெரியவில்லை. மிசஸ் கனேன் சொல்கிறாள்: “உன் வீட்டுக்காரர் வந்தா கண்ணாடியோட நாலு கதையும் சேர்த்து மாட்டிட்டுப் போவார். நீ கண்ணாடி மட்டும்தான் மாட்டுற.”

கடைக்கு ஓர் ஆள் வேண்டும். வெட்டத் தெரியவேண்டும், பேசத் தெரியவேண்டும். ஏணி என் பொறுப்பு. உனக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்.

டெலியா


கவென்ட்ரி,
17 அக்டோபர் 1972

மதிப்புக்குரிய முதலாளி அம்மாவுக்கு,

தங்கள் கடையில் ஆள் தேவை என்று அறிந்தேன். வயது நாற்பத்தெட்டு. கண்ணாடி வெட்டுவேன், வளைவும் வெட்டுவேன். பேச்சை நிறுத்தச் சொன்னால்தான் சிரமம். தரையை விட்டு எழும்பமாட்டேன். இதற்கு மருந்து இல்லை என்று தோன்றுகிறது, தெரிந்தே எடுத்துக்கொள்ளவும்.

என்னைப் பற்றி விசாரிக்க விரும்பினால் என் மனைவியைக் கேட்கலாம். கடந்த ஐந்து வருடத்தைப் பற்றி மட்டும் அவளிடம் கேட்கவேண்டாம். அதை நானே அவளிடம் சொல்லவேண்டும்.

கிடங்கில் சொல்லிவிட்டேன். மிசஸ் பிராட் ரொட்டியும் வெண்ணெயும் கட்டித் தருகிறாள், பாதி வழியிலேயே தின்றுவிடக் கூடாதாம். வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஏறுகிறேன். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் கில்ரஷ் வருவேன். யாரும் வந்து நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

வந்து நில், டெலியா.

மலாக்கி